எலும்பும் ஏடும்: அழிந்துபோன விலங்குகளை வரைந்தவர்களும் அச்சிட்டவர்களும்

முன்னுரை

திருவனந்தபுரத்துத் தமிழர்களிடம் 'சாலை' என்று சொன்னால் போதும், எந்தச் சாலை என்று யாரும் கேட்கமாட்டார்கள். கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் இந்தக் கடைத்தெரு, தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் வணிகத்துக்கென்றே உருவாக்கியது. அரிசி, பலசரக்கு, பாத்திரம், பூ என்று எல்லாம் விற்கும் இந்தத் தெருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான படச் சார்ட்டுகளும் கிடைக்கும். பழங்கள், பறவைகள், தேசத் தலைவர்கள் என்ற வரிசையில் டைனோசர்களும் உண்டு.

மாம்பழத்தைப் பார்த்து மாம்பழம் வரையலாம். காந்தியடிகளுக்குப் புகைப்படம் இருக்கிறது. டைனோசரை யார் பார்த்தது? பிள்ளைகள் இதைக் கேட்டால், "அதெல்லாம் விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சது" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தப் படத்தில் கண்டுபிடித்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு, அதை யார் காசு போட்டு அச்சிட்டார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் மண்ணில் கிடைத்த எலும்புகளை வைத்தே இதைப் பேச முடியும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம்.

நம் காலடியில் உள்ள கல்

முதலில் நாம் வாழும் ஊரைப் பார்ப்போம். திருவனந்தபுரத்தில் மண்ணைத் தோண்டினால் வெட்டுக்கல் வரும். அதற்கும் கீழே போனால் கோண்டலைட் என்னும் மிகப் பழைய பாறை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய அந்தப் பாறையில் எலும்பை எதிர்பார்க்க முடியாது. வர்க்கலைப் பாறைச் சரிவும் கொல்லம் சுண்ணாம்புக் கல்லும் டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகள் கழித்துப் படிந்தவை. ஆகவே டைனோசர் எலும்பு நம் தலைநகரத்தில் கிடைக்காது.

ஆனாலும் திருவிதாங்கூருக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1840 முதல் 1860 வரை இங்கே ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன், பாறைகளிலும் நிலவியலிலும் ஆர்வம் கொண்டவர். கொல்லம் சுண்ணாம்புக் கல்லை அறிஞர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அதில் கிடைத்த வட்டத் தகடு போன்ற நுண்ணுயிர்ப் படிவத்துக்கு 1853-இல் கார்ட்டர் என்பவர் பெயரிட்டபோது 'மலபாரிகா' என்ற சொல்லைச் சேர்த்தார். 1857-இல் தொடங்கிய நம் மியூசியத்துக்கு முன்கை எடுத்தவர்களிலும் கல்லன் ஒருவர்.

முதல் படமும் அதன் விற்பனையும்

அழிந்த உயிர்களை அவை வாழ்ந்த சூழலோடு வரையும் மரபு 1830-இல் இங்கிலாந்தில் தொடங்கியது எனலாம். லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் மேரி ஆன்னிங் என்ற ஏழைப் பெண் பாறைச் சரிவுகளில் எலும்புகளைத் தேடி எடுத்து விற்றுப் பிழைத்து வந்தார். அவர் கண்டெடுத்தவற்றை ஆதாரமாகக் கொண்டு ஹென்றி டி லா பீச் என்ற நிலவியலார் ஒரு நீர்வண்ணப் படம் வரைந்தார். கடல் பல்லிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் காட்சி அது. அதை ஜார்ஜ் ஷார்ஃப் கல்லச்சில் ஏற்றினார். பிரதிகள் அறிஞர்களிடையே விற்கப்பட்டு, வந்த பணம் மேரி ஆன்னிங்குக்குப் போய்ச் சேர்ந்தது. பதிப்பகம் எதுவும் இடையில் இல்லை. இந்தக் கலை பிறக்கும்போதே சொந்த அச்சும் உடன் பிறந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி சிவாலிக் மலைகளில் நடந்தது. ஃபால்கனர், காட்லி என்ற இருவர் அங்கே கிடைத்த ஒரு பெரும் மண்டையோட்டுக்கு 1836-இல் 'சிவதேரியம்', அதாவது சிவனின் விலங்கு, என்று பெயரிட்டனர். பின்னர் ஜி.எச். ஃபோர்டு என்ற ஓவியரின் நுட்பமான படத் தகடுகளோடு ஒரு பெருநூலை 1846 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். படங்கள் வந்தன, விளக்கவுரை முதல் பகுதியோடு நின்றுபோனது. இன்றும் அந்நூலை ஆய்வாளர்கள் புரட்டுவது பெரும்பாலும் ஃபோர்டின் படங்களுக்காகத்தான்.

சிவதேரியத்தின் உருவமும் பலமுறை மாறியது. தொடக்கத்தில் அதற்குத் தும்பிக்கை போன்ற மூக்கு வைத்து வரைந்தார்கள். அது ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று உறுதியான பிறகு மூக்கு சிறுத்தது. இக்வனோடான் கதையும் இதேதான். 1854-இல் லண்டனில் ஹாக்கின்ஸ் அமைத்த பெரிய சிற்பத்தில் அதன் மூக்கின்மேல் ஒரு கொம்பு இருந்தது. 1878-இல் பெல்ஜியத்துச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகே அது கொம்பு அல்ல, கட்டைவிரல் என்று தெரிந்தது. மூக்கில் கொம்பு வைத்த சிற்பம் அப்படியே இன்றும் லண்டனில் நிற்கிறது.

அரியலூர்: ஓர் எலும்பு, இரண்டு படங்கள்

இனி நம் வீட்டுக்கு அருகே வருவோம். திருச்சி, அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலும் கரையுமாக மாறி மாறி இருந்த பூமி. கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் அங்கே சேகரித்த சிப்பிகளையும் நத்தைகளையும் 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். பிறகு பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை சார்பில் அந்தப் பாறைகளையும் உயிர்ப் படிவங்களையும் விரிவாக ஆராய்ந்தனர்.

1979-இல் அதே துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அவ்வட்டாரத்து எலும்புகளுக்குத் 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' என்று பெயரிட்டனர். திராவிட நாட்டின் பல்லி என்று பொருள். முதுகில் தகடுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் இனம் இது என்பது அவர்கள் முடிவு. அந்த இனத்தின் மிகப் பிந்திய உறுப்பினர் தென்னிந்தியாவில் வாழ்ந்தது என்றால் அது பெரிய செய்தி. புத்தகங்களில் படங்கள் வந்தன. 1996-இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. இவை நிலத்து விலங்கின் எலும்புகளே அல்ல. நீண்ட கழுத்தும் துடுப்புக் கால்களும் உடைய பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவின் எலும்புகள் என்றார்கள். இதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை; வழக்கு இன்றும் முடியவில்லை.

ஓவியரின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர். ஒரு தரப்பை நம்பினால் முதுகுத் தகடுகளோடு காட்டில் மேயும் விலங்கை வரையவேண்டும். மறுதரப்பை நம்பினால் கடலில் மீன் பிடிக்கும் விலங்கை வரையவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு படம் வரையவே முடியாது. எழுத்தில் 'இருக்கலாம்', 'எனக் கருதப்படுகிறது' என்று எழுதித் தப்பிக்கலாம். தூரிகைக்கு 'லாம்' விகுதி கிடையாது.

எலும்பு போயிற்று, படம் இருக்கிறது

இன்னும் கனமான செய்தி கல்லமேட்டில் இருக்கிறது. அரியலூர் வட்டாரத்துக் கல்லமேடு என்ற ஊருக்கருகே கிடைத்த பேரெலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தனர். பிருஹத்காயம் என்றால் பேருடல். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸுக்கு முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியில் கிடைத்த எலும்பு சுமார் 1.55 மீட்டர்தான். முதலில் இதை ஊனுண்ணி என்று கருதினர். பிறகு நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு இதன் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கக்கூடும் என்கிறது. நிலத்தில் நடந்த விலங்குகளில் இதைவிடப் பெரியது இருந்ததா என்று கேட்கும் அளவுக்கு அது போகிறது.

ஆனால் இன்று அந்த எலும்பைப் பார்க்க முடியாது. பல ஆண்டுகள் மழையிலும் ஈரத்திலும் ஊறிக் களிமண்ணில் உதிர்ந்துபோன எலும்பு அது. எடுத்த பிறகு அது சிதைந்துவிட்டது என்பது 2017-இல் அச்சேறியது. மிஞ்சியவை முதல் கட்டுரையின் கோட்டுப் படங்களும், களத்தில் எடுத்த சில புகைப்படங்களும்தான். அந்தப் புகைப்படங்களையே 2022-இல்தான் பாலும் அய்யாசாமியும் வெளியிட்டார்கள். அதுவரை, 'இது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரத்தண்டாக இருக்கும்' என்று சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு கோட்டுப் படம்தான் இருந்தது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட அந்த மரம் சுமார் 18 மீட்டர் நீளம். அதற்கு வேலி போட்டார்கள். தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக்கினார்கள். இன்றும் கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம். கல்லமேட்டு எலும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே அங்கே படமே சாட்சியாகிவிட்டது. படம் வரைவது அலங்கார வேலை, குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை மறக்கக்கூடாது. ஆதாரம் அழிந்த பிறகு ஏட்டில் உள்ள கோடுதான் ஆதாரம்.

தும்பிக்கைக்கு எலும்பு இல்லை

எலும்பு முழுதாகக் கிடைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. யானையைப் பார்த்தே இராத ஒருவரிடம் அதன் எலும்புக்கூட்டை மட்டும் கொடுத்து வரையச் சொன்னால் என்ன ஆகும்? தும்பிக்கையில் ஓர் எலும்புகூட இல்லை. மண்டையோட்டின் நடுவே பெரிய துளை தெரியும். கிரேக்கர்களின் ஒற்றைக்கண் அரக்கன் கதை இத்தகைய யானை மண்டையோட்டைக் கண்டு பிறந்திருக்கலாம் என்று 1914-இல் ஆபெல் என்ற அறிஞர் கருதினார். தசைகள் ஒட்டிய தடங்களைத் தேர்ந்தவர்கள் படித்துத் தும்பிக்கை இருந்ததை ஊகித்துவிடலாம். காது அத்தனை பெரிது, முறம் போல விசிறும் என்று எந்த எலும்பு சொல்லும்?

2012-இல் வெளியான 'ஆல் யெஸ்டர்டேஸ்' என்ற ஆங்கில நூல் இந்த விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஜான் கான்வே, கோசெமென், டேரன் நாய்ஷ் ஆகியோர் பெரிய பதிப்பகத்தை நாடாமல் தங்கள் சொந்த முத்திரையில் வெளியிட்டார்கள். டைனோசர்கள் எப்போதும் வாயைப் பிளந்து சண்டை போட்டுக்கொண்டே இருந்திருக்குமா, தூங்கியிருக்காதா, விளையாடியிருக்காதா என்று கேட்டார்கள். நூலின் பிற்பகுதியில் இன்றைய விலங்குகளை எலும்பை மட்டும் வைத்து எதிர்காலத்தவர் வரைந்தால் எப்படியிருக்கும் என்று காட்டினார்கள். வீட்டுப் பூனைகூடப் பூதமாகத் தெரியும். சிறிய நூல்தான், ஆனால் இத்துறை ஓவியர்களின் போக்கையே அது திருப்பிவிட்டது.

சொந்தக் காசில் அச்சிடுவது

சொந்தமாக அச்சிடுவது திருவிதாங்கூருக்குப் புதிதல்ல. கிளிமானூர் ரவிவர்மா (1848–1906) 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது தம் ஓவியங்களைத் தாமே பெருக்கி விற்பதற்காகத்தான். ஓவியங்களை வண்ண அச்சில் கொண்டுவரவேண்டும் என்று அவருக்கு முன்பே யோசனை சொன்னவர், இங்கே திவானாக இருந்த டி. மாதவராவ். யாரும் கண்ணால் பார்த்திராத லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ரவிவர்மா புடைவையும் முகமும் கொடுத்தார். அந்தப் படங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தபின், தெய்வம் இப்படித்தான் இருக்கும் என்று ஊரே நம்பியது. அச்சின் வலிமை அது. தொழில் மட்டும் தேறவில்லை. சில ஆண்டுகளில் அச்சகம் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போயிற்று.

தமிழுக்கும் இங்கே அந்த மரபு உண்டு. மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, நாடகம் எழுதியதோடு நில்லாமல் அறிவியல் துறைகளின் வகைப்பாட்டைத் தமிழில் சொல்ல 'நூற்றொகை விளக்கம்' எழுதினார். 1968-இல் நகுலன் திருவனந்தபுரத்திலிருந்தே 'குருக்ஷேத்திரம்' தொகுப்பைக் கொண்டுவந்தார். சாலையில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன் (1934–2021). தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவன் யார் வருவார் என்று காத்திருக்க முடியாது, தானே செய்யவேண்டும்.

ஆனால் தானே அச்சிடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இடையில் நின்று கேள்வி கேட்கப் பதிப்பாசிரியர் இல்லை. இலக்கியத்தில் அதனால் பெரிய நட்டமில்லை. கவிதையை வாசகன் தீர்ப்பான். அறிவியல் படத்தில் அப்படியில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண்ணில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது 'டைனோசர் முட்டை' என்று படங்கள் பறந்தன. அவை அம்மோனைட் என்னும் கடல் உயிரியைச் சுற்றிப் படிந்த கல்லுருண்டைகள் என்று நிலவியலார் விளக்கினார்கள். விளக்கம் போன தூரம் குறைவு. படம் போன தூரம் அதிகம்.

முடிவுரை

வரையவும் சொந்தமாக வெளியிடவும் விரும்பும் நம் இளைஞர்கள் மூன்று காரியம் செய்தால் போதும். ஒன்று, கிடைத்த எலும்பு எது என்பதை முழு உருவத்தின் பக்கத்திலேயே சிறு கோட்டுப் படமாகக் காட்டுவது. இரண்டு, தோலின் நிறம், கொழுப்பு, நடத்தை ஆகியவற்றில் ஊகம் எது என்று அதே பக்கத்தில் எழுதுவது. பின்னிணைப்பில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். மூன்று, கருத்து வேறுபாடு இருந்தால் இரண்டு படமும் போடுவது. திராவிடோசாரஸுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரு உருவங்கள் இருக்கட்டும். எது சரி என்று பிள்ளைகள் வாதாடட்டும்.

அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் சங்கங்கள் கன்னியாகுமரிக்கும் குற்றாலத்துக்கும் பேருந்து விடுவதுபோல ஒருமுறை அங்கேயும், சாத்தனூருக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். நோட்டும் பென்சிலும் கொடுத்து, பார்த்ததை மட்டும் வரையச் சொல்லலாம். அந்த ஏடுகளைச் சேர்த்து ஒரு சிறு நூலாக நாமே அச்சிட அதிகச் செலவு ஆகாது. கல்லமேட்டில் இழந்ததை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது. மிஞ்சியிருப்பவற்றையாவது ஒழுங்காக வரைந்து வைப்போம்.