பாதிரியாரின் கற்களும் தெவோனியன் காலமும்

1834ஆம் ஆண்டின் இறுதியிலே ஹென்றி டி லா பீச் என்பார் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியில், மிகப் பழையனவென அந்நாளிற் கருதப்பட்ட பாறைகளுள் தாவர உயிர்ச்சுவடுகளைக் கண்டதாக அது கூறிற்று. அவை நிலக்கரிப் படைகளுக்கு உரியவை எனத் தாவரவியலறிஞர் ஜோன் லிண்ட்லி இனங்கண்டார். ரொடெரிக் மேர்ச்சிசனோ, அவ்விடத்தை நேரிற் காணாமலே, டி லா பீச் படைகளின் ஒழுங்கைப் பிழையாகக் கணித்துவிட்டார் என்று வாதிட்டார்.

இவ்வாதம் வெறும் ஏட்டுவாதமன்று. டி லா பீச் அரசாங்க ஊதியத்தில் நிலவியற் படம் வரைந்துகொண்டிருந்தவர். அவர்தம் திறமை ஐயத்துக்குள்ளானால் அவரது பிழைப்பும் அவர் தொடங்கிய அளவைப் பணியும் ஒருங்கே ஆட்டங்காணும். மேர்ச்சிசன் தரப்பிலோ, தாம் ஆராய்ந்து 1835இல் சிலூரியன் எனப் பெயரிட்ட பாறைகளிலும் அவற்றுக்குக் கீழும் நிலக்கரி தேடுவது வீண்செலவு என்னும் கொள்கை நிலைபெற வேண்டியிருந்தது. உயிர்ச்சுவட்டைக்கொண்டு பாறையின் வயதைத் துணிய முடியுமா என்பதே இருவர்க்குமிடையில் நின்ற வினா.

1836இல் மேர்ச்சிசனும் அடம் செட்ஜ்விக்கும் டெவனுக்குச் சென்றனர். தாவரச் சுவடுகளைக் கொண்ட படைகள் அடியிலன்றி மேலேயே கிடக்கின்றன என அவர்கள் காட்டினர். எனினும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. அவற்றுக்குக் கீழே பெரும் இடைவெளியின்றித் தொடரும் சுண்ணக்கற்களின் வயது யாது? நிலக்கரிக் காலத்துக்கு முந்தியது பழஞ் செம்மணற்கல் என்பது வேல்ஸிலும் ஸ்கொத்லாந்திலும் கண்ட உண்மை. மீன் சுவடுகளைக் கொண்ட அந்தச் செந்நிறக் கல்லுக்கும் டெவனின் சுண்ணக்கல்லுக்கும் தோற்றத்தில் எவ்வித ஒற்றுமையுமில்லை.

விடைக்கு வழிகாட்டியவை ஒரு பாதிரியாரின் சேகரிப்பிலிருந்த கற்களாகும். பிளிமத் காவற்படையின் குருவாயிருந்த ரிச்சர்ட் ஹென்னா, அந்நகரின் சுண்ணக்கற் குழிகளிலிருந்து முருகைகளையும் சிப்பிகளையும் பல்லாண்டுகளாகத் திரட்டியவர். 1822இல் அப்பாறைகளைப் பற்றிச் சிறு நூலொன்றும் எழுதினார். அவற்றை ஆராய்ந்தவர் வில்லியம் லொன்ஸ்டேல். வாட்டர்லூப் போர்க்களத்தில் நின்ற பழைய படைவீரரான இவர், பின்னர்க் கழகத்தின் அரும்பொருட் காப்பாளராய்ப் பணிபுரிந்து முருகையாராய்ச்சியில் வல்லவரானார்.

பிளிமத் கல் இறுகியது. சுவடுகள் அதனின்று எளிதிற் பிரிவதில்லை. கல்லை அறுத்து மெருகிட்டால், முருகையின் உட்புறத்தில் ஆரைபோற் பரவிய தடுப்புத் தகடுகளும் குறுக்குத் தட்டுகளும் தெரியும். புறவடிவைமட்டும் நம்புவோர் எளிதில் ஏமாறுவர். ஜேர்மனியின் ஐபல் பகுதியிற் பெயர்பெற்ற கல்சியோலா, செருப்பின் முனைபோன்ற உருவமும் மூடியும் உடைமையால், நெடுங்காலம் சிப்பியினத்துள் வைத்தெண்ணப்பட்ட ஒரு முருகையே.

சில சுவடுகள் சிலூரியன் இனங்களை ஒத்திருந்தன. சில நிலக்கரிக் காலச் சுண்ணக்கல்லின் சிப்பிகளை ஒத்திருந்தன. எஞ்சியவை இரண்டிலும் காணப்படாதவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால் முரண்பாடே மிஞ்சும். லொன்ஸ்டேல் முழுத் தொகுதியையும் ஒருசேர நோக்கினார். இவை இடைப்பட்ட காலத்தவை, எனவே பழஞ் செம்மணற்கல்லின் சமகாலத்தவை என 1837 டிசம்பரிற் கருத்துரைத்தார். கல்லின் நிறமும் தன்மையும் வேறாயினும் காலம் ஒன்றாயிருக்கலாம் என்னும் துணிபு அதில் அடங்கியிருந்தது. என் கருத்தில், இவ்வரலாற்றின் மிகச் சிறந்த சிந்தனை இதுவே.

அதனை ஏற்க மற்றையோருக்கு ஓராண்டுக்கு மேல் எடுத்தது. 1839 ஏப்ரிலிலேதான் செட்ஜ்விக்கும் மேர்ச்சிசனும் ‘தெவோனியன்’ என்னும் பெயரை முன்வைத்தனர். அடுத்த ஆண்டு உருசியாவுக்குச் சென்ற மேர்ச்சிசன், பழஞ் செம்மணற்கல்லின் மீன்களும் டெவனின் சிப்பிகளும் அங்கே ஒரே படைகளிற் கலந்து கிடக்கக் கண்டார். ஐயம் அகன்றது. இன்று இக்காலம் ஏறத்தாழ 41.9 கோடி ஆண்டுகள் முதல் 35.9 கோடி ஆண்டுகள் முன்புவரை நீடித்ததெனக் கணிக்கப்படுகின்றது.

மேர்ச்சிசன் பின்னர் ‘சேர்’ பட்டம் பெற்று, டி லா பீச்சின் மறைவின்பின் 1855இல் அவரது அளவைத் திணைக்களத்துக்கே தலைவரானார். லொன்ஸ்டேல் உடல்நலங் குன்றி 1842இற் பதவி விலகி, 1871இற் காலமானார். 1849இல் ஒரு முருகைச் சாதிக்கு லொன்ஸ்டேலியா எனப் பெயரிட்டனர். அது தெவோனியன் முருகையன்று, நிலக்கரிக் காலத்தது.