மானுக்கு எறிந்த வளரி

வேட்டை என்றதும் நமக்கு வில்லும் அம்பும்தான் ஞாபகம் வரும். அமர் சித்ர கதாவில் இருந்து கோயில் சுவர் ஓவியம் வரை, மானுக்கு எதிரே வில்தான் நிற்கும். ஆனால் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் மான் வேட்டைக்கென்றே தனியாக ஒரு ஆயுதம் இருந்தது. பார்த்தால் வெறும் வளைந்த கட்டை. பெயர் வளரி, வளைதடி என்றும் சொல்வார்கள்.

அபிராமம் பக்கம் போனவர்களுக்கு அந்த நிலம் எப்படி இருக்கும் என்று தெரியும். மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கண்மாய், வயல், பனை, உடைமரம். (இப்போது எங்கே பார்த்தாலும் நிற்கிற சீமைக்கருவேல் எல்லாம் பிற்பாடு வந்தது.) வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம் நெல். தையில் அறுவடை முடிந்துவிடும், பங்குனிக்குள் கண்மாய் வற்ற ஆரம்பித்துவிடும். தண்ணீர் குறையக் குறைய மானும் முயலும் மிச்சம் இருக்கிற பள்ளத்தைத் தேடி வெட்டவெளிக்கு வந்துதானே ஆக வேண்டும்? மதுரை, சிவகங்கைப் பக்கம் மாசி சிவராத்திரியை ஒட்டி நடந்துவந்த பாரிவேட்டையும் இந்தச் சமயத்தில்தான். பயிர் இல்லாத வயலில் எத்தனை பேர் ஓடினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இப்படிப்பட்ட சமவெளிக்கு ஏற்ற ஆயுதம் வளரி. ஒரு முனை கனமாக இருக்கும், மறுமுனை மெலிந்து இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் இரண்டு மூன்று முறை சுழற்றி, தரையை ஒட்டி வீச வேண்டும். சுழன்றுகொண்டே போவதால் அம்பு மாதிரி ஒரே புள்ளியில் படாமல், ஒரு முழ அகலத்துக்கு எது குறுக்கே வந்தாலும் அடிக்கும். குறி மானின் கால். கால் போன மானை ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் பூமராங் போல இதுவும் கைக்கே திரும்பி வரும் என்று பலர் நம்புகிறார்கள். வேட்டைக்கும் சண்டைக்கும் பயன்பட்ட கனமான வளரி திரும்பி வராது. (ஆஸ்திரேலியப் பழங்குடிகள் கங்காருவை அடிக்க எறிந்த தடியும் திரும்பி வராத வகைதான்!)

பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தெரியும் அல்லவா? அந்தப் புவியியலாளர் சிவகங்கைப் பக்கத்தில் கிடைத்த இரண்டு வளரிகளைத் தன் சேகரிப்பில் வைத்திருந்தார். பெரியதன் வெளிவளைவு ஏறக்குறைய 24 அங்குலம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், மறவரும் கள்ளரும் மான் வேட்டைக்கு இதை எறிவார்கள் என்றும், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது என்றும் எழுதியிருக்கிறார். அதாவது போர்க்கருவி ஆவதற்கு முன்பே இது வீட்டுச் சாமான். இன்று வளரி என்றால் உடனே போர், வீரம் என்று பேசுகிறோம். மானை மறந்துவிட்டோம்.

வளரி எறியக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர் ஒருவரும் உண்டு. ஜேம்ஸ் வெல்ஷ், கும்பெனிப் படை அதிகாரி. 1795 வாக்கில் இந்தப் பக்கம் இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. கைதேர்ந்தவன் எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். பெரிய மருதுவுக்கு நாள் முழுக்க வேட்டைதான் வேலை என்றும் அதில் வருகிறது.

ஆறே வருஷம். 1801இல் அதே வெல்ஷ் மருதிருவரைப் பிடிக்கப் போன படையில் இருந்தார். சிறுவயலில் இருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டியே வழி போட ஒரு மாதத்துக்கு மேல் முயன்று, முடியாமல் பின்வாங்கினார்கள். வேறு வழியாகப் போய்த்தான் அக்டோபரில் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவருக்குத் தூக்கு. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்பட 72 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1818இல் பினாங்கு போன வெல்ஷ் துரைசாமியைப் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லையாம். முப்பது வயதைத் தாண்டியவர் கிழவர் மாதிரி வந்து நின்றிருக்கிறார்.

அபிராமத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதுவும் கொஞ்சம் முன்னாடியே. ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியை கும்பெனி 1795இல் பதவியில் இருந்து இறக்கிச் சிறையில் போட்டது. அவருக்காக 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர் ஆட்களைத் திரட்டினார். முதலில் முதுகுளத்தூர் கச்சேரியைத் தாக்கி ஆயுதங்களை எடுத்தார்கள். அடுத்து அபிராமத்தில் கும்பெனியின் துணிக் கிட்டங்கி, பிறகு கமுதியில் நெல் கிட்டங்கி. மயிலப்பன் தப்பித்து மருதிருவரோடு சேர்ந்து போராடினார். கடைசியில் பிடிபட்ட அவரை 1802 ஆகஸ்டில் அதே அபிராமத்தில் தூக்கிலிட்டார்கள்.

இதற்கு இடையில் வந்ததுதான் 1801 டிசம்பர் 1ஆம் தேதி பிரகடனம். சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பிளாசி கிளைவின் மகன்) போட்ட உத்தரவு. தெற்குப் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கியைப் பிடுங்குவதில் ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் போர்க்களத்தில் குதிரையின் காலை அடித்த வளரியும், தை முடிந்து மானுக்கு எறிந்த வளரியும் ஒன்றுதானே? பாளையக்காரர் பீரங்கியை இழந்தார் என்றால், ஊரில் சாதாரணக் குடியானவன் வீட்டு எரவாணத்தில் செருகி வைத்த கட்டையை இழந்தான்.

முழுசாக ஒழிந்ததா என்றால், இல்லை. ஃபூட் கையில் சிக்கும் அளவுக்கு சிவகங்கையிலேயே மிச்சம் இருந்தது. கும்பெனியின் நட்பு சமஸ்தானமான புதுக்கோட்டையிலோ திவானே கருமரத்தில் செய்த வளரிகளைத் தயாராக வைத்திருந்தார் என்று தர்ஸ்டன் சொல்கிறார். சண்டை போட்ட சீமையில் தடை, ஒத்துப்போன சீமையில் அரசாங்க இருப்பு! சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மர வளரியும் வந்து சேர்ந்தது. தஞ்சாவூர் ஆயுத சாலையில் இருந்து தந்த வளரி இரண்டு வந்தன. தந்தத்தில் செய்ததை யார் மானுக்கு எறிந்திருக்கப் போகிறார்கள்.

மான் வேட்டை இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி (1972) குற்றம். சிவராத்திரி நெருங்கினால் வனத்துறை ரோந்து சுற்றும். மயிலப்பனின் சித்திரங்குடிக் கண்மாய் 1989இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகிற அந்தக் கரையில் இப்போது எதையும் எறிய முடியாது.