அரிசி மூட்டையும் ஒரு குடும்பமும்



சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்துக் கடைக்குப் போய்ப் பற்றுக் கணக்கைத் தீர்த்துவிட்டு, அடுத்த மாதத்திற்கு அரிசி, சீனி, கோதுமை மாவு, கருவாடு என்று மறுபடியும் கடனாக எழுதி வாங்கி வந்த பழக்கம், செர்காம், மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கடைக்காரரை நமக்குத் தெரியும். அவருக்குக் கடன் கொடுத்த பட்டணத்து மொத்த வியாபாரியைச் சிலர் பார்த்திருக்கலாம். அந்த மொத்த வியாபாரிக்கும் சரக்குக் கொடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்? நமது அண்டை மாநிலமான ஜொகூரில் அரிசியும் சீனியும் விற்று வளர்ந்த ஒரு சீனக் குடும்பத்தின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்துகொண்டிருந்த அதே காலத்தில், சீனாவின் பூச்சௌ பகுதியிலிருந்து குவோக் கெங் காங் என்பவர் மலாயாவுக்கு வந்தார். ஜொகூர் பாருவில் அவர் நடத்திய கடைக்குத் தோங் செங் என்று பெயர். அரிசி, சீனி, மாவு இவைதாம் முக்கியச் சரக்கு. அவருக்கும் அவர் மனைவி தாங் காக் ஜி அம்மையாருக்கும் மூன்று ஆண் மக்கள்: பிலிப், வில்லியம், 1923இல் பிறந்த இளையவர் ராபர்ட்.

அன்றைய மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்தது. நிலமெல்லாம் ரப்பர் மரம். சோறு மட்டும் கப்பலில் வரவேண்டும். இந்த ஏற்பாட்டின் பலவீனம் 1942இல் ஜப்பானியர் வந்தபோதுதான் வெளிப்பட்டது. கப்பல் நின்றது, அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையை எந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். இளைஞர் ராபர்ட் அப்போது ஜொகூர் பாருவில் மிட்சுபிஷி நிறுவனத்தின் அரிசிப் பிரிவில் வேலை பார்த்தார். அரிசி எங்கிருந்து வருகிறது, யார் கையில் போகிறது என்னும் பாடத்தை அவர் பஞ்ச காலத்திலேயே படித்தார் எனலாம்.

போர் முடிந்து வியாபாரம் மீண்டும் தலையெடுத்தது. ஆனால் 1948ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்தை இருமுறை தாக்கியது. ஜூன் மாதம் நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது; நடுப்பிள்ளை வில்லியம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து காட்டுக்குள் போய்விட்டார். ஆண்டு முடிவதற்குள் தந்தையும் காலமானார். தோங் செங் தந்தை ஒருவரின் பெயரில் இருந்த கடையாகையால் அவரோடு அதுவும் முடிவுக்கு வந்தது. அப்போது குடும்பத்தைக் கூட்டி வைத்துப் புதிதாகத் தொடங்கச் செய்தவர் தாயார். 1949 ஏப்ரலில் குவோக் பிரதர்ஸ் என்னும் நிறுவனம் பிறந்தது. பங்காளிகள் பிரிந்து சொத்தைக் கூறுபோட்டிருக்கக்கூடிய நேரம் அது. நம்மிடையே எத்தனை கடைகள் அப்படி மறைந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவது மனத்தை உறுத்தும் பகுதி. 1951இல் அரசாங்கம் உணவுக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கியது. காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்பதே நோக்கம். அரிசிக்கு ரேஷன் வந்தது. டின்னில் அடைத்த உணவைக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும்; அப்போதுதான் அதைச் சேமித்து வைக்க முடியாது. உணவுச் சரக்கு ஏற்றிய லோரிகள் குறித்த சாலையில், குறித்த நேரத்தில்தான் ஓட வேண்டும். தோட்டத்து லயன்களைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. விடியற்காலையில் மரம் வெட்டப் போகிறவர் பசியாற எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது. வாசலில் சோதனை நடக்கும். வெறும் வயிற்றோடு நிரையை முடித்துவிட்டு வந்துதான் சாப்பாடு. இந்தச் சட்டத்தின் பாரத்தைச் சுமந்தவர்களில் நம்மவர் ஏராளம்.

நேயர்களே, அரிசி விற்பதே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர், அரிசி போய்ச் சேரக்கூடாது என்று சட்டம் தடுத்த காட்டுக்குள் இருக்கிறார். அந்தத் தாய் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் என்ன நினைத்திருப்பார்! 1953இல் வில்லியம் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட முதல் 'வெள்ளைப் பகுதி'யாக நம் மலாக்காவின் ஒரு பகுதி அறிவிக்கப்பட்டது. இங்கே மக்கள் மூச்சு விட்ட ஆண்டு, அங்கே ஒரு வீட்டில் துக்க ஆண்டு. மூத்தவர் பிலிப் பின்னாளில் மலேசியாவின் தூதராக ஐரோப்பாவில் பணியாற்றினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் காலம் ஒரே வயிற்றில் பிறந்தவர்களை எப்படியெல்லாம் பிரித்துவிட்டது என்பது விளங்கும்.

பின்வந்த வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறர் தயாரித்த சரக்கை வாங்கி விற்பவருக்கு விலை எப்போதும் பிறர் கையில். ஆகவே ராபர்ட் சரக்கின் ஊற்றுக்கே போனார். ஜப்பானியக் கூட்டாளிகளோடு 1959இல் சீனி ஆலை நிறுவனம் தொடங்கப்பட்டு, பிறையில் கட்டிய ஆலை 1964இல் இயங்கத் தொடங்கியது. 1962இல் மாவு ஆலை நிறுவனம். 1968இல் பெர்லிஸில் கரும்புத் தோட்டம். 1971இல் சிங்கப்பூரில் ஷங்ரிலா ஹோட்டல். அடுத்த தலைமுறையில் அண்ணன் மகன் முறையான குவோக் கூன் ஹோங் 1991இல் கூட்டாளி ஒருவருடன் தொடங்கிய வில்மார் நிறுவனம் பாமாயில் வியாபாரத்தில் பெரும்புள்ளியாயிற்று. குடும்பத்தின் எண்ணெய்த் தொழில் 2007இல் அதனோடு இணைந்தது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட நம் தோட்டங்களின் மாற்றமும் இதனோடு ஒத்துப்போவதைக் கவனிக்கலாம்.

சீனித் தொழிலை மட்டும் குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. 2009இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது பெல்டாவின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2017இல், 94 வயதில், ராபர்ட் குவோக்கின் நினைவுக் குறிப்புகள் நூலாக வெளிவந்தன. நிறுவனத்தை உண்மையில் நிறுவியவர் தம் தாயே என்று அதில் அவர் சொல்கிறார். காட்டில் மாண்ட அண்ணனைப் பற்றியும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.