புவேர்ட்டோ ரிக்கோ: விசா தேவைப்படாத புலப்பெயர்வு

நானூறு ஆண்டுகள் ஸ்பெயினிடம் இருந்த கரீபியன் தீவு புவேர்ட்டோ ரிக்கோ. 1898இல் நடந்த போரின் முடிவில் அது அமெரிக்காவின் கைக்கு மாறியது. தனிநாடாக விடவும் இல்லை, மாநிலமாகச் சேர்க்கவும் இல்லை. இன்றைக்கும் நிலைமை அதேதான்.

ஆட்சி மாறியதும் தீவின் கோப்பி ஸ்பெயினில் இருந்த சலுகைச் சந்தையை இழந்தது. 1899ஆம் ஆண்டுப் புயல் மிச்சமிருந்த கோப்பித் தோட்டங்களை அழித்தது. அடுத்த ஆண்டு ஒரு பெசோவுக்கு 60 அமெரிக்கச் சதம் என நாணயத்தை மாற்றினார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு இந்த 60 சதமே பல பக்க வரலாறு. நல்ல நிலங்கள் அமெரிக்கச் சீனிக் கம்பனிகளிடம் சேர்ந்தன. வேலையிழந்தவர்களில் சுமார் 5,000 பேர் கப்பலிலும் ரயிலிலும் மீண்டும் கப்பலிலுமாக ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

1917இல் குடியுரிமை கிடைத்தது. நாம் நாட்டைவிட்டு வந்து, பல ஆண்டுகள் காத்திருந்து பெற்றதை அவர்கள் புறப்படும் முன்பே வைத்திருந்தார்கள். ஆனாலும் புறப்பட வேண்டித்தான் இருந்தது. 1940களின் கடைசியில் தீவைத் தொழில்மயமாக்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலைகள் தந்த வேலையை விட வயல்களில் அழிந்த வேலை அதிகம். விமானச்சீட்டும் மலிவானது. 1950களில் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நியூயோர்க், சிக்காகோ என்று போனார்கள். ஒருவர் முதலில் போய் அறை எடுப்பார், பிறகு மனைவி, பிள்ளைகள், கடைசியில் அம்மம்மா. எமது வீடுகளுக்குத் தெரிந்த வரிசைதான்.

பின்னர் வரிச்சலுகை 2006இல் முற்றாக முடிந்தது, கம்பனிகள் வெளியேறின, கடன் 70 பில்லியன் டொலரைத் தாண்டியது, 2017இல் மரியா புயல் வந்தது. 2010இல் 37 இலட்சமாக இருந்த சனத்தொகை 2020இல் 33 இலட்சமானது. பெருநிலத்தில் இப்போது 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட புவேர்ட்டோ ரிக்கர்கள் வாழ்கிறார்கள்.

தீவில் வசிப்பவருக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை. புளோரிடாவில் குடியேறிப் பதிந்தால் உண்டு. தீவுக்குத் திரும்பினால் மறுபடி இல்லை. தீவில் உழைக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் மத்திய வருமான வரி இல்லை என்பதை இதற்கு ஈடாகச் சொல்வார்கள். ஏழை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மத்திய உதவித்தொகையைப் பார்த்தால் அந்த ஈடு எவ்வளவு என்று தெரியும். நியூயோர்க்கில் அதைப் பெற்றுவந்த ஒருவர் தீவுக்குத் திரும்பினார். திரும்பிய பின் அனுப்பப்பட்ட சுமார் 28,000 டொலரைத் திருப்பித் தரும்படி அரசு வழக்குப் போட்டது. தீவில் வசிப்போருக்கு அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.