ஒரு பிடி கருமண் போன வழி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசௌரி ஆற்றை ஒட்டி நிற்கும் லோயெஸ் குன்றுகள் காற்று கட்டியவை. உறைபனிக் காலத்தில் பனிப்பாறைகள் கல்லை அரைத்து மாவாக்கின. கோடையில் உருகிய நீர் அதை ஆற்றுப்படுகையில் பரப்பியது. குளிரில் படுகை காய்ந்ததும் காற்று வாரிக்கொண்டு கிழக்கே போனது. கரையோரம் சில இடங்களில் 60 மீட்டர் கனத்துக்குக் குவிந்தது. தள்ளிப் போகப் போக மெலிந்து படிந்தது.

அதைப் பிடித்து நிறுத்தியது புல். ஆளுயரத்தைத் தாண்டும் பிக் புளூஸ்டெம் புல்லின் வேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் இறங்கும். ஆண்டுதோறும் வேர்களில் ஒரு பங்கு மடிந்து மட்கும். பைசன் மந்தைகள் மேய்ந்தன. மின்னலும் பழங்குடியினரும் மூட்டிய தீ, மரங்களை அண்டவிடாமல் புல்லைக் காத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போக, வெளிறிய வண்டல் கறுத்தது.

குடியேறிகளின் வார்ப்பிரும்புக் கலப்பையில் இந்த மண் அப்பிக்கொள்ளும். அடிக்கடி நின்று சுரண்ட வேண்டும். 1837-ல் இல்லினாய்ஸின் கிராண்ட் டிடூர் ஊரில் ஜான் டியர் என்ற கொல்லர், உடைந்த ரம்பத்தின் எஃகைக் கொண்டு கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. இன்று அயோவாவில் எஞ்சிய உயர்புல்வெளி ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

வேர் போனதும் மண் மறுபடி புறப்பட்டது. மக்காச்சோளமோ சோயாவோ அறுத்த பிறகு, அடுத்த பயிர் தலையெடுக்கும் வரை தரை வெறுமையாகக் கிடக்கிறது. உழவு மண்ணைச் சரிவில் தள்ளுகிறது. மழை அதை ஓடையில் சேர்க்கிறது. ஓடை வழியே மிசிசிப்பிக்குப் போகிறது. நிலத்தடி வடிகுழாய்கள் வழியே உரத்தின் நைட்ரேட்டும் போகிறது. முடிவில் மெக்சிகோ வளைகுடா. அந்த நைட்ரேட்டால் அங்கே கோடைதோறும் கடலடியில் ஆக்சிஜன் வற்றுகிறது; 2017-ல் அந்தப் பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். நீந்தித் தப்ப முடியாத உயிர்கள் அங்கேயே மடிகின்றன.

எவ்வளவு மண் போயிற்று என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உழாமல் விட்ட புல்வெளித் துண்டுகள் பக்கத்து வயலைவிட மேடாக நிற்கின்றன, பல இடங்களில் ஓரடிக்கு மேல். நூறு நூற்றைம்பது ஆண்டு உழவு தின்ற உயரம் அது.

நீல் ஸ்மித் வனவிலங்குக் காப்பகத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பட்டை பட்டையாகப் புல்வெளிச் செடிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓடும் நீரோடு போகும் மண் 95 சதவீதம் குறைந்தது. பறவைகளும் தேனீக்களும் கூடின. 2018 வேளாண் சட்டத்துக்குப் பிறகு இப்பட்டைகளுக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. அப்படியிருந்தும் எத்தனையோ சரிவுகள் இன்னும் ஓடைக்கரை வரை உழப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.