லயத்துக்கு வந்த கருவிகள்

அண்மையில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். கொழும்பில் வேலை செய்யும் மகள் வாங்கி வந்திருந்த 'ஸ்மார்ட்' மின்குமிழ் ஒன்று அங்கே ஒரு லயக் காம்பராவில் மூன்று நாட்களாக வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியின் கட்டளைக்கு எரிந்து அணைய வேண்டிய விளக்கு அது. "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது, தம்பி" என்று தாயார் முடிவுகட்டியிருந்தார். ஊவாத் தோட்டங்களில் புதிய கருவியொன்று வாசற்படி ஏறிய காலங்களிலெல்லாம் யாரோ ஒருவர் சொல்லிவந்திருக்கும் வார்த்தை இது.

மலையகத்தில் மின்சாரத்தின் வரலாறு நீண்டது. லயங்களில் அதன் வரலாறு மிகக் குறுகியது. ஓடைநீரைக் குழாய்வழி இறக்கிச் சுழலியைச் சுழற்றித் தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கும் முறை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தோட்டங்களில் பரவியிருந்தது. மலைநாட்டு அருவிகளின் மின்வலுவை நாடே பயன்படுத்தலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை சமர்ப்பித்தார். அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும் விளக்கு எரிந்த பின்னரும், பல பத்தாண்டுகளுக்கு லயங்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது.

ஆகவே லயத்துக்குள் நுழைந்த முதல் 'நவீன' கருவி, மின்கம்பியை நம்பாத வானொலிப் பெட்டிதான். கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒலிபரப்பு முறையாக ஆரம்பமாயிற்று. 1949இல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது. டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்த பின்னரே தொழிலாளியின் கைக்கு அது எட்டியது. அன்றைய சிக்கல்களும் எளியவையல்ல. பற்றரியைத் தலைகீழாகப் போட்டால் பேசாது. மலைமுகட்டின் மறைவில் இருந்தால் இரைச்சல்தான் வரும். கொய்யா மரத்துக்குக் கம்பி இழுத்து அன்டெனா கட்டப் பழகினார்கள். செலவான பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு பாட்டுக்கு உயிர் வாங்கவும் பழகினார்கள். பாடசாலை வாசல் மிதியாதவர்கள் கூட அலைவரிசை தேடுவதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. மின்சாரம் இல்லாத லயங்களில் கார் பற்றரியில் இயங்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வந்தன. பற்றரி இறங்கியதும் அதைத் தோளில் சுமந்து அருகிலுள்ள பட்டணத்துக்குப் போய், காசு கொடுத்து 'சார்ஜ்' ஏற்றி வர வேண்டும். நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் பெட்டியே பழுதாகும். படத்தின் உச்சக்கட்டத்தில் திரை சுருங்கி இருளும் துயரத்தை அனுபவித்தவர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள்.

பின்னர் மின்சாரம் லயங்களுக்கும் மெல்ல எட்டியது. ஒரு விளக்குக்காக இழுத்த வயரில் மின்கேத்தலும் அழுத்தியும் ஏறின. வயர் சூடானது. மின்னொழுக்கினால் லயங்கள் தீக்கிரையான செய்திகளைப் பத்திரிகைகள் அடிக்கடி வெளியிட்டிருக்கின்றன. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வீடுகளில் ஒன்றின் பழுது எல்லோரின் பழுதாகிவிடுகிறது.

அந்த மின்குமிழுக்கு வருவோம். குறை குமிழில் இல்லை. இத்தகைய குமிழ்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். மகளின் தொலைபேசியோ 5 கிகாஹேர்ட்ஸில் இணைந்திருந்தது. ரவுட்டரில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, 2.4இல் தொலைபேசியை இணைத்து, அதே அறையில் நின்று மறுபடி முயன்றோம். ஐந்து நிமிடத்தில் விளக்கு பணிந்தது. தகரத் தடுப்பும் கற்சுவரும் அலையைத் தடுக்கும் என்பதால் ரவுட்டரை வாசற்பக்கம் நகர்த்தினோம். மறுநாள் காலை மீண்டும் 'வேலை செய்யவில்லை' என்று செய்தி வந்தது. விசாரித்தால், மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் பழக்கத்தில் தாயார் சுவர் ஆளியை அணைத்திருக்கிறார். ஆளி அணைந்தால் குமிழுக்கு உயிரில்லை, கட்டளை எப்படிக் கேட்கும்? மின்வெட்டுக்குப் பின் நள்ளிரவில் தானே எரிந்ததும் பேயல்ல. மின்சாரம் மீளும்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் செயலியில் மாற்றியதும் அதுவும் தீர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்ட நாட்டில் இது சிறிய விடயமல்ல.

ஆனால் திரும்பும் வழியில் என் மனம் வேறொரு கருவியை நினைத்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தால் மட்டும் போதுமா? போவதற்கு வேறு வீடு வேண்டாமா? மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல், அதாவது சாவுக்குப் பிறகு.

மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள மழை அளவுகள் எளியவை. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தொட்டாலோ, ஒரு மணிநேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். இதை அளக்க நேரான சுவருள்ள ஒரு பாத்திரமும் அடிமட்டமும் போதும். கூரைக்கும் மரத்துக்கும் அப்பால் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. 'ஸ்மார்ட்' கருவிகள் ஊமையாகின்ற அத்தகைய இரவில் பேசக்கூடியது அந்த ஊமைப் பாத்திரம் மட்டுமே.

அந்த மகளிடம் இதைச் சொன்னேன். "அளந்து பார்க்கிறோம், மாமா. நூற்றைம்பது வந்தால் எங்கே போகிறது?" என்று கேட்டாள். வானொலிக்கும் பற்றரிக்கும் மின்குமிழுக்கும் தாங்களே வழி கண்டுபிடித்த மக்கள் அவர்கள். பாதுகாப்பான நிலத்தில் சொந்தமாக ஒரு வீடு என்பதை மட்டும் அவர்களால் தனியாகப் பொருத்திக்கொள்ள முடியாது. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. விடை சொல்லவேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.