அழுகையை நிறுத்தக் கொடுத்த பொடி: பிங்க் டிசீஸின் கதை

போன மாசம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அக்காகிட்ட இருந்து வீடியோ கால். அக்காவுக்கு ஏழு மாசப் பாப்பா. கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் சிவப்புச் சிவப்பா தடிச்சுக் கிடக்கு. அது அழுதுக்கிட்டே இருக்கு. பக்கத்துல அம்மா, "வேர்க்குருதான்டி, பவுடர் போடு, உங்க ரெண்டு பேருக்கும் இதைத்தானே போட்டு வளர்த்தேன்"னு சொல்றாங்க. மாமா, "பால் சேரலையோ"ங்கிறார். அக்கா யாரையும் கேக்கல. "நான் என்னடா தப்பு பண்ணேன்?"னு என்னைக் கேட்டா.

எனக்கு என்ன தெரியும்? மறுநாள் காலையில டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லிட்டு, தூக்கம் வராம குழந்தைகளோட தோல் தடிப்பு பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். பாப்பாவுக்கான பதில் கிடைக்கல. ஆனா ஒரு வரலாறு கிடைச்சது. ஒரு நோய். ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட டாக்டர்கள் அதுக்குக் காரணம் தேடினாங்க. காரணம் வீட்டு மருந்து அலமாரியில இருந்தது. குழந்தையோட அழுகையை நிறுத்தறதுக்காக அம்மாக்கள் காசு கொடுத்து வாங்கி வெச்ச மருந்து அது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

சிவந்த கைகள்

1914-ல நியூசிலாந்தோட ஆக்லாந்து நகரத்துல ஒரு மருத்துவ மாநாடு. ஆஸ்திரேலியாவோட அடிலெய்ட்ல இருந்து வந்த டாக்டர் ஸ்விஃப்ட், தான் பார்த்த சில குழந்தைகளைப் பத்திப் பேசுறார். கையும் காலும் வீங்கி, பச்சை மாட்டிறைச்சி நிறத்துல சிவந்து, தொட்டா ஜில்லுன்னு ஈரமா இருக்கு. தோல் உரியுது. உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, வியர்வை. வெளிச்சம் பட்டாலே கண் கூசுது. குழந்தை தலையணைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்குது. சாப்பிடறது இல்ல, தூங்கறது இல்ல, கை கால்ல வலு இல்ல. மோசமான நிலையில சில குழந்தைகள் தன் முடியைத் தானே பிய்ச்சுக்கும், பல்லு தானா விழும்.

இதை முதல்ல பார்த்தவர் ஸ்விஃப்ட் இல்ல. ஜெர்மனியில செல்டர்ங்கிற டாக்டர் 1903-லயே எழுதியிருக்கார். 1923-ல சூரிக்ல ஃபேயர்ங்கிற குழந்தை மருத்துவர் இதே நோயை விவரிச்சார். அதனால ஊருக்கு ஒரு பேர்: ஸ்விஃப்ட் நோய், ஃபேயர் நோய், அக்ரோடினியா. ஆங்கிலம் பேசற நாடுகள்ல சாதாரண ஜனங்க சொன்ன பேர் பிங்க் டிசீஸ். பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள வரும், மாசக்கணக்கா இழுக்கும். பத்துல ஒரு குழந்தை வரை இறந்தும் போச்சு.

நம்ம வேலையிலயும் இதைப் பார்த்திருப்பீங்க. ஒரே பிரச்சினைக்கு நாலு டீம் நாலு பேர் வெச்சு டிக்கெட் திறந்திருப்பாங்க. பேர் இருக்கும், அறிகுறிகளோட பட்டியல் இருக்கும். மூல காரணம்ங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கும்.

பல் முளைக்கிற பயம்

இப்ப கொஞ்சம் பின்னாடி, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே பல் முளைக்கிறதுங்கிறது உயிர் போற விஷயம்னு நம்பினாங்க. 1839-ஆம் வருஷத்து அரசாங்கப் பதிவுல மட்டும் 5,000 மரணங்களுக்கு மேல "பல் முளைத்தல்"தான் காரணம்னு எழுதியிருக்கு. உண்மையில பல் முளைச்சு யாரும் சாகறது இல்ல. குழந்தைகள் அதிகமா காய்ச்சலாலயும் பேதியாலயும் இறந்துபோற வயசும், பல் முளைக்கிற வயசும் ஒண்ணா இருந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடந்ததால ஒண்ணுக்கு ஒண்ணு காரணம் ஆயிடுச்சு.

இந்தப் பயத்துக்கு ஒரு வைத்தியம் வேணுமே? மருந்துக்கடைகள்ல பல் பொடி வந்துச்சு. பல் விளக்கற பொடி இல்ல, பல் முளைக்கும்போது குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கற பொடி. சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமா விப்பாங்க. லண்டனோட ஸ்டீட்மன்ஸ் பொடி அதுல ரொம்பப் பிரபலம். அதுக்குள்ள முக்கியமான சரக்கு கலோமல். வெள்ளையா இருக்கும், ருசி இல்ல, குழந்தை துப்பாது, வயிறு சுத்தமாகும். வயிறு சுத்தமா இருந்தா பல் சுலபமா வரும்ங்கிறது அன்னைக்கு நம்பிக்கை.

கலோமல்னா பாதரசமும் குளோரினும் சேர்ந்த உப்பு. நம்ம சித்த மருத்துவத்துல பூரம்னு சொல்றாங்களே, அதே பொருள். அதாவது, பாதரசத்தைக் குழந்தைக்கு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க.

பொடி மட்டும் இல்ல. குடல் புழுவுக்குக் கொடுத்த மருந்துல கலோமல். குழந்தையோட தோல் புண்ணுக்கும் தடிப்புக்கும் தடவின வெள்ளைக் களிம்புலயும் பாதரசம். யோசிச்சுப் பாருங்க: தோல் சிவக்குதுன்னு ஒரு களிம்பு தடவறோம், அந்தக் களிம்பே தோலைச் சிவக்க வைக்குது.

ஏன் கண்ணுல படல?

இவ்வளவு வெளிப்படையா இருந்தும் ஏன் தெரியாமப் போச்சு? அந்தக் காலத்து டாக்டர்களைக் கிண்டல் பண்றது சுலபம். ஆனா அவங்க இடத்துல உக்காந்து பார்த்தா வேற மாதிரி தெரியுது.

ஒண்ணு, பொடி கொடுத்த அன்னைக்கே கை சிவக்கல. வாரங்கள், சில நேரம் மாசங்கள் கழிச்சுத்தான் அறிகுறி வரும். அதுக்குள்ள பொடி மறந்தே போயிருக்கும்.

ரெண்டு, அதைப் பலர் மருந்துன்னே நினைச்சிருக்க மாட்டாங்க. நம்ம வீட்டுல வசம்பையோ கிரைப் வாட்டரையோ யாராவது மருந்துன்னு டாக்டர்கிட்ட சொல்றோமா? "ஒண்ணும் கொடுக்கலையே டாக்டர்"னுதானே சொல்லுவோம்!

மூணு, இதுதான் பெரிய விஷயம். லட்சக்கணக்கான குழந்தைகள் இதே பொடியைச் சாப்பிட்டு நல்லா இருந்தாங்க. பொடி சாப்பிட்ட சுமார் 500 குழந்தைகள்ல ஒண்ணுக்குத்தான் பிங்க் டிசீஸ் வந்துச்சுன்னு பின்னாடி ஒரு கணக்கு சொன்னாங்க. மூத்த குழந்தைக்குக் கொடுத்தோம், ஒண்ணும் ஆகல. பக்கத்து வீட்டுலயும் கொடுக்கறாங்க, ஒண்ணும் ஆகல. "உனக்கும் இதைத்தானே போட்டு வளர்த்தேன்"ங்கிற எங்க அம்மாவோட வாதமேதான். நம்ம பாஷையில, "என் மெஷின்ல ஓடுதே!"

அதனால டாக்டர்கள் வேற இடத்துல தேடினாங்க. வைரஸா இருக்கும்னு ஒரு கூட்டம், வைட்டமின் குறைபாடுன்னு இன்னொரு கூட்டம். ரெண்டுமே அந்தக் காலத்துல புதுசா வந்த அறிவியல். கையில புது டூல் கிடைச்சா எல்லாப் பிரச்சினையையும் அதை வெச்சே பார்க்கத் தோணும், இல்லையா?

சின்சினாட்டி, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை

1940-களோட நடுவுல அமெரிக்காவோட சின்சினாட்டி நகரம். வியன்னாவில பிறந்து அங்கே போய் வேலை பார்த்த ஜோசஃப் வார்க்கனிங்கிற குழந்தை மருத்துவர். அவர் பண்ணது ரொம்பச் சாதாரணமான விஷயம்: நோய் வந்த குழந்தையோட சிறுநீரை எடுத்து, அதுல ஏதாவது கன உலோகம் இருக்கான்னு பார்க்கச் சொன்னார். அதே ஊர்ல டொனால்ட் ஹப்பர்ட்னு ஒரு வேதியியலாளர் இருந்தார். ரொம்பச் சின்ன அளவு பாதரசத்தைக்கூட அளக்கற முறை அவர் கையில இருந்துச்சு. அளந்தாங்க. பாதரசம் நிறைய இருந்துச்சு.

ஒரு குழந்தையை வெச்சு முடிவுக்கு வர முடியாது. அதனால அடுத்தடுத்து வந்த குழந்தைகளையும் பார்த்தாங்க. 1948-ல லான்செட் இதழ்ல முடிவுகள் வந்துச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1947-ல, சூரிக்ல ஃபான்கோனியும் அவரோட சகாக்களும் குழந்தைகளுக்குக் கொடுக்கற கலோமல்தான் இதுக்குக் காரணம்னு எழுதியிருந்தாங்க. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விடை.

உடனே எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களா? இல்ல. "500 பேர்ல ஒருத்தருக்குத்தான் வருதுன்னா அது எப்படிக் காரணமாகும்?" "நல்லா இருக்கற குழந்தையோட சிறுநீர்லயும் பாதரசம் இருக்கே?" "நோய் இருக்கற சில குழந்தைகள்கிட்ட பாதரசம் இல்லையே?" எல்லாமே நியாயமான கேள்விகள்தான். பதில் என்னன்னா, எல்லா உடம்பும் ஒரே மாதிரி இல்ல. ஒரே விஷத்துக்குச் சில குழந்தைகள் மட்டும் ரொம்பக் கடுமையா எதிர்வினை காட்டுது. நோய் முத்தி டாக்டர்கிட்ட வர்றதுக்குள்ள சில உடம்புல பாதரசம் வெளியே போயிருக்கும்.

கடைசியில வாதத்தை முடிச்சு வெச்சது ஒரு ரோல்பேக். 1954-ல பிரிட்டன்ல பெரிய தயாரிப்பாளர்கள் தங்களோட பல் பொடியில இருந்து கலோமலை எடுத்துட்டாங்க. மத்த நாடுகள்லயும் அது வழக்கொழிஞ்சது. சில வருஷத்துல, வார்டுகள்ல படுக்கையை நிரப்பிக்கிட்டிருந்த ஒரு நோய் கிட்டத்தட்டக் காணாமப் போச்சு. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கல. கொடுக்கறதை நிறுத்தினாங்க, அவ்வளவுதான்.

இதுல ஒண்ணு என் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. அந்தப் பொடியைக் கொடுத்தது யாரு? அக்கறை இல்லாத அம்மா கொடுக்கல. குழந்தை அழுதா தாங்க முடியாத அம்மாதான் கொடுத்தா. அக்கறை கூடக் கூட, பொட்டலமும் கூடுதலாப் பிரிஞ்சிருக்கும்.

திரும்பி வந்த நோய்

கதை அங்கேயே முடியல. சுமார் 1980 வாக்குல அர்ஜென்டினாவோட தலைநகர் புவனோஸ் ஐரஸ்ல சில குழந்தைகளுக்கு மறுபடியும் பிங்க் டிசீஸ். அப்ப அங்கே யாரும் பல் பொடி கொடுக்கல. பாதரசம் வந்த வழி, துணி டயப்பர்! வீடு வீடா டயப்பர் வாங்கித் துவைச்சுக் கொடுக்கற ஒரு சலவை சேவை, பூஞ்சை பிடிக்காம இருக்க பாதரசம் கலந்த ஒரு ரசாயனத்தைப் பயன்படுத்தியிருக்கு. அது குழந்தையோட தோல் வழியா உள்ளே போயிருக்கு. மேல பிளாஸ்டிக் ஜட்டி இறுக்கமா இருந்தா இன்னும் அதிகமாப் போகும். ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்த டயப்பரைப் போட்டிருந்தாங்க. அவங்கள்ல கொஞ்சம் பேருக்குத்தான் நோய் வெளியில தெரிஞ்சது. 1985-ல சயின்ஸ் இதழ்ல இதைப் பத்தின ஆய்வு வந்துச்சு.

இந்தத் தடவை காரணம் கண்டுபிடிக்க ஐம்பது வருஷம் ஆகல. எங்கே தேடணும்னு தெரிஞ்சிருந்துச்சு. பழைய கேஸை யாரோ எழுதி வெச்சதோட பலன் அதுதான்.

பாப்பா என்ன ஆச்சு?

சரி, எங்க பாப்பா கதைக்கு வருவோம். மறுநாள் காலையில டாக்டர் குழந்தையைப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கடைசி பத்து நாள்ல வீட்டுல புதுசா என்ன வந்துச்சு?" அக்கா "ஒண்ணும் இல்லையே"ன்னா. டாக்டர் விடல. சோப்பு? எண்ணெய்? பவுடர்? துணி துவைக்கறது? அங்கே அக்கா நின்னா. பாப்பாவோட துணி மெத்துன்னு இருக்கணும்னு, வாசனையான ஒரு துணி கண்டிஷனரை அவளே வாங்கியிருந்தா. தடிப்பும் துணி ஒட்டற இடத்துலதான் இருந்துச்சு. முகத்துல ஒண்ணுமே இல்ல.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கண்டிஷனரை நிறுத்துங்க, துணியை ரெண்டு தடவை வெறும் தண்ணியில அலசுங்க, பவுடர் வேண்டாம், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ஒண்ணு போதும். ஒரே நேரத்துல அஞ்சு விஷயம் புதுசா தடவாதீங்க, அப்புறம் எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியாது. ஒரு வாரத்துல தோல் சரியாயிடுச்சு.

எல்லாத் தடிப்பும் இப்படி இல்லைங்கிறதையும் சொல்லிடறேன். கூடவே காய்ச்சல் இருந்தா, கொப்புளமோ சீழோ இருந்தா, உதடு வீங்கினா, மூச்சு வாங்கினா, கண்ணாடி டம்ளரை வெச்சு அழுத்தியும் சிவப்பு மறையலைன்னா, காத்திருக்காதீங்க. பாட்காஸ்ட் கேக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மத்தபடி ஃபோன்ல ஒரு நோட் திறந்து, குழந்தைக்குக் கொடுக்கறது, தடவறது, துவைக்கறது எல்லாத்தையும் தேதியோட எழுதி வைங்க. டாக்டர் "வேற ஏதாவது கொடுக்கறீங்களா?"ன்னு கேட்டா, மருந்துன்னு நீங்க நினைக்காததையும் சேர்த்துச் சொல்லுங்க. முக்கியமா அதைச் சொல்லுங்க.

அன்னைக்கு அக்கா கேட்ட கேள்விக்கு இப்ப என்கிட்ட பதில் இருக்கு. நீ தப்பு பண்ணலக்கா, நல்லது பண்ணத்தான் பார்த்த. அந்தப் பல் பொடி கொடுத்த அம்மாக்களும் அப்படித்தான். அவங்ககிட்ட அந்த ஒரு கேள்வியைக் கேக்க ரொம்ப நாள் ஆள் இல்ல. உன்கிட்ட மறுநாளே ஒரு டாக்டர் கேட்டார்.

இந்த எபிசோடை, வீட்டுல கைக்குழந்தை இருக்கற யாருக்காவது அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.